மலைக்குத் திரும்பும் சுழியோடிக்கு எந்தக் கைக்கணினி?

திருகோணமலை நிலாவெளிக் கடற்கரையில் வாங்கிய கச்சான் பொதி, நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் லபுக்கலையைத் தாண்டும்போது தலையணை போல ஊதியிருந்தது. மலையில் வாழ்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. கீழே ஒட்டி அடைத்த பொதி எதுவானாலும் மேலே வந்து சேரும்போது புடைத்துவிடும். யோகட் கோப்பையின் மூடிகூட வில்லாக வளைந்து நிற்கும். அமுக்கம் குறைந்தால் வாயு விரியும் என்ற பாடத்தை அப்படியொரு பொதியைக் கையில் தூக்கிக் காட்டித்தான் வகுப்பில் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். அன்றிரவு அந்தப் பொதி என் மடியில் இருந்தபோதுதான் இடது முழங்கையில் வலி தொடங்கியது.

அடிபட்ட வலியல்ல, சுளுக்குமல்ல. கையை மடக்கினால் கூடவில்லை, நீட்டினால் குறையவுமில்லை. எலும்புக்கு உள்ளே பல்வலி வந்தால் எப்படியிருக்குமோ அப்படி. சனிக்கிழமை இரண்டு முறையும் ஞாயிறு காலை இரண்டு முறையும் சுழியோடியிருந்தேன். கடைசியாகத் தண்ணீரை விட்டு ஏறியது நண்பகல் 12 மணிக்கு. மறுநாள் பள்ளிக்கூடம் என்பதால் ஒன்றரை மணிக்கே வேனில் ஏறிவிட்டோம். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, கம்பளை, றம்பொடை என்று வந்து, லபுக்கலையைத் தாண்டியபோது இரவு ஒன்பது மணியாகியிருந்தது.

என்னைக் கூட்டிச்சென்ற வழிகாட்டித் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“டீச்சர், இப்போது எங்கே நிற்கிறீர்கள்?”

“லபுக்கலையைத் தாண்டிவிட்டோம் தம்பி. இன்னும் கொஞ்ச நேரத்தில் வீடு.”

“அந்த இடம் எவ்வளவு உயரம்?”

“ஆயிரத்தைந்நூறு மீற்றருக்கு மேல் இருக்கும்.”

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “இனி ஒரு வளைவுகூட ஏறாதீர்கள் டீச்சர். வேனைத் திருப்பச் சொல்லுங்கள். கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய், சுழியோடிவிட்டு வந்தேன் என்று சொல்லி ஒட்சிசன் கேளுங்கள்” என்றான்.

திரும்பினோம். கண்டிக்கு இறங்கி, முகமூடி வழியாக ஒட்சிசன் எடுத்தேன். நள்ளிரவு தாண்டியதும் வலி இறங்கத் தொடங்கியது. அது பென்ட்ஸ் எனப்படும் அமுக்கத்தளர்வு நோய்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் கதையைக் கேட்டால் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் டொக்டர். கைகால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல் போன்றவை வந்திருந்தால் ஒட்சிசன் மட்டும் போதாது. அமுக்க அறைக்குள் வைத்துச் சிகிச்சை செய்ய வேண்டும்.

நான் சுழியோடிய நிலையத்தில் கையெழுத்து வாங்கிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: அடுத்த 24 மணித்தியாலத்துக்குள் விமானப் பயணம் உண்டா? இல்லை என்று எழுதினேன். அது உண்மைதான். எங்கே வசிக்கிறீர்கள் என்று படிவமும் கேட்கவில்லை, நிலையத்தில் இருந்தவர்களும் கேட்கவில்லை. பயணிகள் விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், அதன் உள்ளே காற்றமுக்கத்தைப் பெரும்பாலும் 1,800 முதல் 2,400 மீற்றர் உயர மலையில் உள்ள அளவுக்கு வைத்திருப்பார்கள். நுவரெலியா நகரம் இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். எங்கள் ஊர்க் காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அன்று நான் விமானம் ஏறவில்லை. ஆனால் என் உடம்பு விமானம் ஏறியிருந்தது.

இந்தக் கட்டுரை கையில் கட்டும் டைவ் கம்பியூட்டரைத் தெரிவு செய்வது பற்றியது. ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, உடம்பில் சேரும் நைதரசனைக் கணக்கிட்டுக் காட்டும் கருவி அது. இனி அதைக் கைக்கணினி என்றே எழுதுகிறேன். மலையகத்திலிருந்து கடலுக்குப் போகும் இளைஞர்கள் இப்போது கூடி வருகிறார்கள். எதை வாங்கலாம் என்று என்னிடமும் மாதம் ஓரிருவர் கேட்கிறார்கள். இணையத்தில் உள்ள ஒப்பீடுகள் எல்லாம் கடற்கரையில் தங்கி, கடற்கரையிலேயே தூங்கும் மனிதருக்காக எழுதப்பட்டவை. எங்கள் கதை வேறு. படகில் ஏறியதோடு எங்கள் சுழியோடல் முடிவதில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் முடிகிறது. கணினியையும் அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் அமுக்கம் கூடுகிறது. முப்பது மீற்றரில் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவானது நைதரசன். உடம்பு அதைப் பயன்படுத்துவதில்லை. அமுக்கம் கூடக் கூட இரத்தத்திலும் இழையங்களிலும் அது கரைந்து சேர்கிறது. மேலே வரும்போது அது நிதானமாக வெளியேற வேண்டும். அவசரப்பட்டாலோ, மிச்சம் இருக்கும்போதே மலை ஏறினாலோ அது குமிழியாகும்; பென்ட்ஸ் வருவது அதனால்தான்.

உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் இதைச் சேர்ப்பதில்லை. சமையலறையில் பார்த்தால் இது விளங்கும். ஒரே தண்ணீரில் அவல், பயறு, கொண்டைக்கடலை மூன்றையும் போட்டால் அவல் உடனே ஊறிவிடும், பயற்றுக்குச் சில மணித்தியாலம் வேண்டும், கடலைக்கு ஓர் இரவு வேண்டும். எடுத்துக் காயவைத்தாலும் அதே வரிசைதான். 1908 இல் ஹால்டேன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி, ஆடுகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து, உடம்பை இப்படி ஐந்து கிண்ணங்களாகக் கற்பனை செய்து அட்டவணை போட்டார். இன்று பல கைக்கணினிகளுக்கு உள்ளே இருப்பது பதினாறு கிண்ணங்கள். மிக வேகமானது பாதி ஊற நான்கைந்து நிமிடம் போதும். மிக மெதுவானதற்கு 635 நிமிடம், அதாவது பத்தரை மணித்தியாலத்துக்கு மேல். நீரை விட்டு ஏறி ஒன்பது மணித்தியாலம் கழித்து லபுக்கலையில் நின்றபோது, என் உடம்பின் மிக மெதுவான கிண்ணத்தில் சேர்ந்திருந்ததில் பாதிகூட வெளியேறியிருக்கவில்லை.

இந்தப் பதினாறு கிண்ணக் கணக்கைத் தந்தவர் சூரிச் நகரத்து மருத்துவர் அல்பேர்ட் பூல்மன். சுவிற்சர்லாந்துக்குக் கடல் கிடையாது. அங்கே சுழியோடுகிறவர்கள் மலை ஏரிகளில் இறங்குகிறார்கள். கடல் மட்டத்துக்காகப் போட்ட அட்டவணை அவர்களுக்குப் பொருந்தவில்லை. அதனால்தான் உயரத்தையும் உள்ளடக்கிய கணக்கு ஒன்றை அவர் உருவாக்கினார். தென் அமெரிக்காவில் 3,800 மீற்றர் உயரத்தில் உள்ள டிட்டிகாக்கா ஏரியில்கூட அது சோதிக்கப்பட்டது. உலகக் கடல்களில் எல்லாம் இன்று பல சுழியோடிகள் நம்பியிருக்கும் கணக்கு ஒரு மலைநாட்டில் பிறந்தது என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட நெருக்கத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நான் பிறந்தது மஸ்கெலியாவில். மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோவில் வெளியே தெரியும். சனம் திரண்டு போய்ப் பார்க்கும். சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்து அதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு அடியில் ஒரு ஊர் இருக்கிறது என்ற நினைப்பு அப்போது புகுந்தது, பிறகு போகவே இல்லை. நாற்பது வயதில் திருகோணமலைக்குப் போய் நான் சுழியோடக் கற்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி வாங்கும் விடயம். முதலாவதாக, சொந்தமாக ஒன்று வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கட்டியிருந்தது வாடகைக் கணினி. அது என் நான்கு சுழியோடல்களையும் கணக்கில் வைத்திருந்தது. இத்தனை மணித்தியாலம் உயரத்துக்குப் போகாதே என்ற எண்ணையும் திரையில் காட்டிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் வேனில் ஏறினேன். எனக்கான எச்சரிக்கை நிலாவெளியில் ஓர் அலுமாரிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று, காலையில் வேறொருவர் கட்டிய கணினியை மத்தியானம் நீங்கள் கட்டினால் அது காட்டுவது அவருடைய உடம்பின் கணக்கு. கணவனும் மனைவியும் ஒன்றை மாறி மாறிக் கட்டுவதும் தவறு. ஒரே படகில் போனாலும் ஒருவர் பன்னிரண்டு மீற்றரிலும் மற்றவர் பதினெட்டிலும் நின்றிருப்பார்கள்.

அடுத்தது உயரம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். சில கணினிகளில் உயரத்தைக் கையால் அமைக்க வேண்டும். உதாரணமாக சூன்டோ நிறுவனத்தின் சூப் நோவோவில் மூன்று நிலைகள்: 300 மீற்றர் வரை ஒன்று, 300 முதல் 1,500 வரை ஒன்று, 1,500 முதல் 3,000 வரை ஒன்று. மறந்துபோய் மேல்நிலையில் வைத்தபடி கடலில் இறங்கினால் கணினி தேவைக்கு மேல் கண்டிப்பாக நடந்துகொள்ளும்; நேரம்தான் குறையும், ஆபத்தில்லை. கடல்மட்ட நிலையில் வைத்தபடி மலை நீர்த்தேக்கத்தில் இறங்கினால் அது ஆபத்து. வேறு சில கணினிகள் காற்றமுக்கத்தைத் தாமே அளந்து தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. எங்களுக்கு இவைதான் நல்லது.

ஸ்கூபாப்ரோ விற்கும் அலடின் வரிசை இன்னும் ஒரு படி மேலே. சுவிற்சர்லாந்தின் ஊவாடெக் நிறுவனம் தொடக்கி வைத்த வரிசை அது, மலைநாட்டார் செய்தது என்பது பார்த்த உடனே தெரியும். அணைந்து கிடக்கும்போதும் அவ்வப்போது விழித்துக் காற்றமுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். சுழியோடிய பிறகு எவ்வளவு உயரம்வரை போகலாம், எதற்கு மேல் போகக்கூடாது என்பதையும் நிலைகளாகக் காட்டும். நான் வாங்கியது இந்த வரிசையில் ஒன்று. டுபாயில் வேலை செய்யும் என் தம்பி கொண்டு வந்து கொடுத்தான்.

ஆனாலும் கணினி அனுமதி தந்துவிட்டது என்பதற்காக நான் உடனே ஏறுவதில்லை. டான் என்று சுருக்கமாக அழைக்கப்படும் டைவர்ஸ் அலேர்ட் நெற்வேர்க் என்ற சுழியோடிகள் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டல் ஒன்று உண்டு. மேலே வரும் வழியில் நைதரசன் வெளியேறுவதற்காகக் கட்டாயம் நிற்க வேண்டிய நிறுத்தம் தேவைப்படாத ஒரேயொரு சுழியோடலுக்குப் பிறகு குறைந்தது 12 மணித்தியாலம். பல முறையோ பல நாளோ சுழியோடியிருந்தால் குறைந்தது 18 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். விமானப் பயணத்துக்காகச் சொன்னது என்றாலும், ஏறத்தாழ 600 முதல் 2,400 மீற்றர் வரையான உயரத்துக்கு உரியது அது. எங்கள் ஊர்களை அந்தக் கோட்டில் வைத்துப் பாருங்கள். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர், கோட்டுக்குக் கீழே. பதுளை 680, சற்று மேலே. பண்டாரவளையும் ஹட்டனும் ஆயிரத்து இருநூறைத் தாண்டியவை. நுவரெலியாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, பிபிலை வழியாக லுணுகலைக்கோ பசறைக்கோ திரும்புகிறவர்கள் பாதை குறுகியது என்று மகிழ வேண்டாம். பாதை குறுகினால் இடைவேளையும் குறுகும். கணினி சொல்வதும் 18 மணித்தியாலமும் என்ற இரண்டில் எது நீளமோ அதையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணைப் பற்றியும் எழுத வேண்டும். எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. கடையில், வெளிச்சத்தில், மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் எல்லாத் திரையும் அழகு. கல்குடாக் கடலில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த அதே நாளில் மூழ்கியது. இருபது மீற்றருக்குக் கீழே, கலங்கிய நீரில், அதன் இரும்புச் சுவரின் நிழலில் நின்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு நிறம் எப்போதோ போய்விட்டது. என் கையுறையின் சிவப்புக் கோடு அழுக்கு மண்ணிறமாகத் தெரிந்தது. திரையில் எனக்குத் தேவைப்பட்டவை மூன்று எண்கள்: எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் ஆயிற்று, நிறுத்தமின்றி மேலே வர இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம். அன்று கட்டியிருந்த கணினியில் அந்த மூன்றாவது எண் வெப்பநிலை, நேரம், குறிகள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மூலையில் சிறியதாக இருந்தது. 11 என்று நினைத்தேன். அருகே வந்த வழிகாட்டித் தம்பி என் கையைப் பிடித்து, தன் விரலால் ஒன்று என்று காட்டி மேலே போகச் சைகை செய்தான். அது 1.

ஆகவே வாங்குமுன் கணினியைக் கையில் கட்டி, விளக்கை அணைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையை நீட்டிப் பாருங்கள். அந்த எண் தெரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிரெஸ்ஸி லெயனார்டோ போன்ற மலிவான கணினியில்கூட எண்கள் பெரியவை, பொத்தானும் ஒன்றே ஒன்று. ஷெயர்வோட்டர் பெரெக்ரினின் வண்ணத்திரை கண்ணுக்கு ஒரு வரம். பணம் இருந்தால் நான் தயங்கமாட்டேன். அப்பிள் வோட்ச் அல்ட்ரா 40 மீற்றர் வரை சுழியோடக் கணக்குப் போடும் என்பது சரிதான். ஆனால் அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டிய ஒன்றை, ஒரு பகல் பயணத்துக்குப் பிறகு, மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத விடுதியில் நம்பியிருக்க எனக்கு மனம் வரவில்லை.

பற்றரியும் அதே போலத்தான். சில கணினிகளில் வட்டப் பற்றரியை நாமே மாற்றலாம். நுவரெலியாவில் எந்தக் கடிகாரக் கடையிலும் 2032 இருக்கும். கைக்கணினிகள் பலவற்றுக்கு வேண்டியது அதைவிடத் தடித்த 2450. அதற்கு நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். இப்போது இரண்டை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். மாற்றும்போது மூடியின் ரப்பர் வளையத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். எங்கள் ஊர் ஈரத்தில் தோல் பையில் ஒரு மாதம் வைத்தால் பூஞ்சணம் பூத்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடிய டின்னில் வைக்கிறேன்.

பூட்டிக்கொள்ளும் பழக்கத்தையும் விசாரியுங்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே வந்துவிட்டால் சில கணினிகள் 48 மணித்தியாலம் வரை கணக்குப் போட மறுத்துவிடும். அந்தக் கண்டிப்பு நியாயமானது. எட்டு மணித்தியாலம் பயணம் செய்து இரண்டு நாளுக்காக வருகிற எங்களுக்கு அது முழுப் பயணத்தையும் விழுங்கிவிடும் என்பதால், உங்கள் கணினியின் குணத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றவை பெரிய விடயமல்ல. சிலிண்டர் அமுக்கத்தைக் கம்பியில்லாமல் காட்டும் வசதிக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். குழாயில் தொங்கும் மானி போதும். ஒட்சிசன் கூட்டிய காற்றான நைட்ரொக்ஸுக்குரிய அமைப்பு இப்போது பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஹீலியம் கலந்த வாயுக்கள், ஆழமான நிறுத்தங்கள் எல்லாம் 53 மீற்றரில் கிடக்கும் ஹேர்மிஸுக்குப் போகிறவர்களுக்கானவை. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர். எனக்கு முப்பதே போதும்.

கணினி இருந்தாலும் அட்டவணையைப் படிக்காமல் விடாதீர்கள். பாடி என்ற சுழியோடல் பயிற்சி நிறுவனத்தின் அட்டவணையில் நிறுத்தமின்றி மேலே வர அனுமதிக்கும் நேரம் 18 மீற்றருக்கு 56 நிமிடம், 30 மீற்றருக்கு 20 நிமிடம். முழு நேரமும் அடியிலேயே நின்றதாக எடுத்துக்கொள்ளும் கணக்கு அது. நீங்கள் ஏறி இறங்குவதைக் கணினி நொடிக்கு நொடி பின்தொடர்வதால் கூடுதல் நேரம் தரும். அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் அதைக் கடைசி நிமிடம் வரை கரைக்கமாட்டார். என் கணினியைக் கண்டிப்பான பக்கத்திலேயே அமைத்திருக்கிறேன். மேலே வரும்போது நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் போவதில்லை. ஐந்து மீற்றரில் மூன்று நிமிட நிறுத்தத்தை ஐந்து நிமிடமாக்கி, புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவசரப்பட அங்கே எதுவும் இல்லை.

கிழக்கில் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. ஆகஸ்ட் விடுமுறை முடியும் வாரத்தில் மறுபடி போகிறோம். இம்முறை மச்சானும் வருகிறார். அவருக்குப் பெரிய எண் உள்ள மலிவான கணினி ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமை காலையும் சுழியோடல், மாலையில் கோணேஸ்வரம், இரவு திருகோணமலையிலேயே தூக்கம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன் வேன் புறப்படாது என்று சாரதியிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று.